காந்தம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்

நம் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் காந்தம் ஓர் அலகாக இடம்பெற்றது. 2017ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காந்தம் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று மாணவர் எடுத்துக்காட்டுடன் கூற வேண்டும். சட்டம், உருளை, லாடம், வளையம், பொத்தான் என்று அதன் வடிவங்களை அடையாளங்காண வேண்டும். பல பொருள்களின் அருகே காந்தத்தைக் கொண்டுசென்று எது ஈர்க்கப்படுகிறது, எது ஈர்க்கப்படவில்லை என்று பொதுமைப்படுத்த வேண்டும். துருவங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் தள்ளுவதையும் முடிவு செய்ய வேண்டும். காந்தத்தின் வலிமையை ஆராய்வின்வழி உறுதிப்படுத்த வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் அமைவது அரிது. எழுதியவர்களை மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? 'காந்தம் ஈர்க்கும் பொருள்களுக்கு வட்டமிடுக' என்று ஒரு பயிற்றித்தாள். அதில் ஓர் ஆணி, ஓர் அழிப்பான், ஒரு சாவி, ஒரு மரக்கரண்டி ஆகியவற்றின் கறுப்பு வெள்ளைப் படங்கள். பிள்ளை ஆணிக்கும் சாவிக்கும் வட்டமிடுகிறது. ஆசிரியர் சரி போடுகிறார். பாடம் முடிந்தது! படத்தில் இருக்கும் சாவி பித்தளையால் ஆனதா, இரும்பால் ஆனதா என்று அந்தத் தாளைத் தயாரித்தவருக்கே தெரியாது. பித்தளைச் சாவியைக் காந்தம் சீண்டவே சீண்டாது. அப்படியானால் வட்டமிடாமல் விட்ட பிள்ளைக்குத் தவறு போட்டது எந்த வகையில் நியாயம்?

படித்து முடித்து ஜொகூரிலேயே பொறியியல் வேலையில் அமர்ந்த பிறகு, சில நண்பர்களுடன் சேர்ந்து சனிக்கிழமைகளில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலாம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் அறிவியல் விளையாட்டுகள் நடத்தி வருகிறேன். ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போயிருக்கிறோம். அந்த அனுபவத்தின் பலத்தில்தான் இதை எழுதுகிறேன். என் வாதம் எளியது. காந்தத்தைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் காந்தத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, குறைந்தது இருபது நிமிடம் நாம் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் கடினமானது. பட்டதாரிகளுக்கு இன்னும் கடினம்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளும் காந்தத்தை நாற்காலிக் காலில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு சன்னல் கம்பி, காலணி, நண்பனின் தலை! யாராவது ஒருத்தி இரண்டு காந்தங்களை அருகருகே கொண்டுபோவாள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும்; திருப்பினால் 'டக்'கென்று சேரும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் விரலை எதிர்த்துத் தள்ளுகிறது என்பதை எந்தப் பயிற்றித்தாளும் தர முடியாது. ஐன்ஸ்டைனுக்கு நான்கைந்து வயதில் தந்தையார் ஒரு திசைகாட்டியைக் காட்டினாராம். யாரும் தொடாமலேயே முள் ஒரே திசையை நாடியது தம் மனத்தில் ஆழமாகப் பதிந்ததாக 1949இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஐன்ஸ்டைன் ஆகப் போவதில்லை. அந்த வியப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கலாமே!

அடுத்து, வீட்டுப் பொருள்கள். இங்குதான் நம் தமிழ் வீடு ஓர் ஆய்வுக்கூடமாக மாறுகிறது. சாமி அறையில் இருக்கும் குத்துவிளக்கு பித்தளை, ஒட்டாது. செம்புக் குடம் ஒட்டாது. அம்மாவின் தாலி ஒட்டாது. குளிர்பான டின் அலுமினியம், ஒட்டாது. மைலோ டின் ஒட்டும், ஏனென்றால் டின் என்று நாம் சொன்னாலும் அது வெள்ளீயம் பூசிய எஃகுத் தகடு. 'பளபளக்கும் உலோகம் எல்லாம் ஒட்டும்' என்று நினைத்திருந்த பிள்ளை இந்த இடத்தில் திகைத்து நிற்கும். திகைக்கட்டும். உடனே ஓடிப்போய் விளக்காதீர்கள்.

எவர்சில்வர் பாத்திரம் வந்ததும் ஆட்டம் சூடு பிடிக்கும். ஒரு டம்ளர் ஒட்டாது, ஒரு மூடி ஒட்டும். ஒரு முறை ஒரு சிறுவன், "ஐயா, இது நல்ல டம்ளரா, கெட்ட டம்ளரா?" என்று கேட்டான். பொறியியல் படித்த நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் அவனுக்குப் பதில் சொல்வீர்கள்? சமையலறையில் அதிகம் புழங்கும் 18/8 வகை எவர்சில்வரில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் போக மீதி பெரும்பாலும் இரும்புதான். அத்தனை இரும்பு இருந்தும் காந்தம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நிக்கல் சேர்ந்ததும் அணுக்கள் அடுக்கப்படும் முறை மாறிவிடுகிறது. அந்த அடுக்கில் இரும்பின் காந்தத் தன்மை எழுவதில்லை. நிக்கல் சேராத, குரோமியம் மட்டும் கலந்த மலிவான வகை ஒட்டும். ஆக, 'இரும்பு இருந்தால் ஒட்டும்' என்ற நம் பாடநூல் வாய்ப்பாடு ஒரு டம்ளரிடம் தோற்றுப்போகிறது. இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று மனனம் செய்த நாம், இரும்பும் நிக்கலும் ஒன்றாகச் சேர்ந்த பாத்திரம் ஒட்டாமல் போவதை ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா?

சில்லறைக் காசையும் கொடுத்துப் பாருங்கள். 2012இல் புழக்கத்துக்கு வந்த நம் நாட்டு நாணய வரிசையில் 5 சென்னும் 10 சென்னும் வெள்ளி நிறம், 20 சென்னும் 50 சென்னும் பொன் நிறம். அதற்கு முந்திய வரிசைக் காசுகளும் பல வீட்டு உண்டியலில் கிடக்கும். எது ஒட்டும், எது ஒட்டாது என்ற விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதழை மூடி வைத்துவிட்டு ஒரு காந்தத்தைத் தேடுங்கள்.

காந்தத்தைக் குறித்துச் சோதிக்காமல் நம்புவது நம் பிள்ளைகளின் நோய் மட்டுமல்ல. பூண்டைத் தேய்த்தால் காந்தம் தன் ஆற்றலை இழந்துவிடும் என்று பழங்காலத்தில் ஐரோப்பாவில் உறுதியாக நம்பினார்கள். கி.பி. முதல் இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புளூட்டார்க் அப்படி எழுதி வைத்தார். அறிஞர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். ஏறக்குறைய 1500 ஆண்டுகள்! பூண்டும் காந்தமும் எட்டாத பொருள்களா? இத்தாலியின் டெல்லா போர்ட்டாவும், 1600ஆம் ஆண்டில் காந்தத்தைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட்டும் இதைப் பொய் என்று தள்ளினார்கள். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்னவரும் இதே கில்பர்ட்தான். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரு பூண்டுப் பல்லை மேசைமேல் வைத்தால் போதும். ஐந்தே நிமிடத்தில் புளூட்டார்க் தோற்றுவிடுவார். காந்தம்தான் இரண்டு வாரம் நாறும்.

இனி மொழிக்கு வருகிறேன். தமிழ்மொழிக் கழக இதழில் காந்தத்துக்கு என்ன வேலை என்று சிலர் நெற்றியைச் சுருக்கியிருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை நம் பள்ளிகளுக்குள் நுழைந்தது. 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக விலக்கப்பட்டது. மூச்சு விடுவதற்குள் 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டும், வேண்டாம் என்று நாளிதழ்களிலும் மண்டபங்களிலும் வாதிட்டோம். அந்த வாதத்தில் நான் தமிழின் பக்கம்தான் நின்றேன், இன்றும் நிற்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் வட்டமிட்ட பிள்ளைக்கும் தமிழில் வட்டமிட்ட பிள்ளைக்கும் காந்தத்தைப் பற்றித் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றுதான். கையில் பொருள் இல்லாத இடத்தில் எந்த மொழியில் சொன்னாலும் அது வெறும் சொல்.

தமிழ் எங்கே வலிமை பெறுகிறது என்பதைச் சனிக்கிழமைகளில் கண்டிருக்கிறேன். பிள்ளை முதலில் சொல்வது 'ஒட்டுது'. பசையும் ஒட்டும், சோற்றுப் பருக்கையும் ஒட்டும். அதனால் ஒரு காகிதக் கிளிப்பை நூலில் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டிவிடுவோம். மேலே காந்தத்தைப் பிடித்தால் கிளிப் நூலை இழுத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், காந்தத்தைத் தொடாது. இடைவெளியில் ஒரு தாளை நுழைத்தாலும் விழாது. "இப்போது ஒட்டுகிறதா?" என்று கேட்டால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். "ஒட்டல ஐயா, இழுக்குது" என்று ஒரு குரல் வரும். தொடாமலேயே இழுப்பதற்கு நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம், 'ஈர்ப்பு' என்று அப்போது கரும்பலகையில் எழுதினால் அந்தச் சொல் பிள்ளைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேர்கிறது. 'ஒட்டுவது' வேறு, 'ஈர்ப்பது' வேறு என்ற பாகுபாடே பாதி இயற்பியல். வீட்டில் பேசும் மொழியில் 'இழுக்குது, தள்ளுது, வழுக்குது' என்று தயங்காமல் சொல்லும் பிள்ளைதான் இந்தப் பாதையில் நடக்கும். வேற்று மொழியில் கேட்டிருந்தால் அது 'மேக்னட்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்த்திருக்கும். 'மேக்னட்' என்று சொல்லும் பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருக்கும் பழக்கமும் வேண்டாம். நாம் 'காந்தம்' என்றே பேசிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் அதுவும் 'காந்தம்' என்றுதான் சொல்லும்.

திசைகாட்டி செய்வது அடுத்த வார வேலை. தையல் ஊசியை ஒரே திசையில் முப்பது நாற்பது முறை காந்தத்தால் உரசி, ஒரு காய்ந்த இலையின்மேல் வைத்து, பிளாஸ்டிக் கிண்ணத்து நீரில் மிதக்க விடுகிறோம். ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். ஜொகூரில் இது இன்னும் வசதி. உலகின் பல இடங்களில் காந்த வடக்கும் வரைபட வடக்கும் பல பாகை விலகியிருக்கும். இங்கே அந்த விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. கோலாலம்பூர் எந்தப் பக்கம், சிங்கப்பூர் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளே விரலை நீட்டுவார்கள். தினமும் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் அப்பாக்களைக் கொண்ட பிள்ளைகள் அல்லவா, தெற்கைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதே பூமிக்காந்தம் நம்மவர் வரலாற்றிலும் ஒரு பங்கு ஆற்றியிருக்கிறது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பார்கள். அது தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வானில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமம் இராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் இராக்கெட் 1963 நவம்பர் 21இல் பறந்தது. அங்கே பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் இராமேஸ்வரத்து அப்துல் கலாம். திருநெல்வேலியிலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. கலாமின் பொன்மொழிகளைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கும் நாம், அவர் ஏன் தும்பாவுக்குப் போனார் என்பதை ஓர் ஊசியை வைத்துச் சொல்லலாம்.

ஜொகூருக்கும் ஓர் இரும்புக் கதை உண்டு. பத்து பகாட் மாவட்டத்தின் ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இரும்புத் தாதுச் சுரங்கத்தைத் திறந்து, வெட்டியதை ஜப்பானின் எஃகு ஆலைகளுக்குக் கப்பலேற்றியது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே விளையாட்டுத் திடலுக்கு ஓடுவார்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் இழுத்தால் பல இடங்களில் கருந்துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பையை உள்பக்கமிருந்து கழற்றிவிட்டால் துகள்கள் தனியே விழும். பை இல்லாமல் செய்தால் காந்தத்தை ஆயுள் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செலவு? இதைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். பழுதான வானொலியின் ஒலிபெருக்கியில் இருக்கும் கறுப்பு வளையக் காந்தம் ஒன்றே பத்துப் பிள்ளைகளுக்குப் போதும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் விளம்பரப் பட்டைகள் இரண்டை முதுகோடு முதுகு வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் 'டிக் டிக்'கென்று துள்ளும், மறு திசையில் வழுக்கும். அதனுள் வடக்கும் தெற்கும் வரி வரியாக மாறி மாறி அமைக்கப்பட்டிருப்பதே காரணம். இந்தியாவின் அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். வளையக் காந்தங்களை வைத்து அவர் செய்து காட்டும் மிதக்கும் பென்சிலுக்குச் சில ரிங்கிட் போதும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழைத் தமிழிலேயே நடத்தி வந்திருக்கிறார்கள். வழிகாட்ட ஆளில்லை என்று நாம் சொல்ல முடியாது.

ஒரு விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் வண்ண வண்ணக் குட்டிக் காந்த உருண்டைகள் விற்கிறார்கள். அவை நியோடிமியம் காந்தங்கள். 1980களில் கண்டுபிடிக்கப்பட்டவை, அளவுக்கு மிஞ்சிய வலிமை கொண்டவை. பிள்ளை ஒன்றை விழுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்து இன்னொன்றை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். நடுவில் மாட்டிய குடற்சுவர் நசுங்கித் துளைபட்டுப் போகும். அறுவைச் சிகிச்சை வரை போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன, உயிரிழப்பும் உண்டு. ஆகவே பிள்ளையின் வாய்க்குள் நுழையக்கூடிய எந்தக் காந்தமும் வேண்டாம். கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள், வாங்கும்போது எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. விழுங்கிவிட்டதாகச் சிறு ஐயம் எழுந்தாலும் வயிற்றுவலி வரட்டும் என்று காத்திராமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதயமுடுக்கி பொருத்திய தாத்தா பாட்டி இருக்கும் வீட்டிற்கு வலிமையான காந்தத்தைக் கொடுத்தனுப்பவும் கூடாது.

நம் பள்ளிகளில் அறிவியல் வளரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'அஸ்தி' எனப்படும் அறிவியல் தொழில்நுட்பப் புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழாக்களை நடத்தி வந்திருக்கிறது; நம் பிள்ளைகள் வெளிநாடுகளில் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வென்று திரும்புகிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் போட்டிக்குப் போவது நான்கைந்து பேர். வகுப்பில் மீந்திருக்கும் முப்பது பேருக்கு என்ன கிடைக்கிறது? அதிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளையைப் போட்டிக் குழுவில் யார் சேர்ப்பார்கள்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபோது, இனி செய்து கற்க நேரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். தேர்வு போயிற்று, பயிற்றித்தாள் போகவில்லை. ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு காந்தத்தைக் கொடுத்துவிட்டு ஒற்றை ஆசிரியர் சமாளிப்பது எப்படி? கூடுதல் கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் உங்களுடையவை என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஜொகூரில் மட்டும் 70 அளவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே ஸ்கூடாயில், நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. உள்ளே தோட்டப்புறங்களில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகளும் இருக்கின்றன. அங்கேதான் முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து. நாம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கலை இரவும் நடத்துகிறோம். அவற்றோடு ஒரு பருவத்துக்கு மூன்று சனிக்கிழமைகளையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் ஆறு பேர் சேர்ந்தால் ஒரு வகுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் ஒரு சொல் சொல்லிவைத்தால் பழைய ஒலிபெருக்கிகள் தாமாக வந்து சேரும். முதல் சனிக்கிழமை விளையாட்டும் வீட்டுப் பொருள்களும், இரண்டாவது ஊசியும் கிண்ணமும், மூன்றாவது மணலும் பூண்டும். வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் விடுதி அறையில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். "ஐயா, காந்தத்தை வெட்டினால் வடக்கு ஒரு துண்டுக்கும் தெற்கு ஒரு துண்டுக்கும் போயிடுமா?" என்று கேட்காத வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்காக உடைப்பதற்கென்றே இரண்டு மலிவான பட்டைக் காந்தங்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.